உள்ளிருந்து பார்த்தவர்: லாரி கிளார்க்கின் புகைப்படங்களும் திரைப்படங்களும்

லாரி கிளார்க் 1943 ஜனவரி 19 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் பிறந்தார். எண்ணெய்ப் பணத்தில் எழும்பிய ஊர் அது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் 'உலகின் எண்ணெய்த் தலைநகரம்' என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டது. தேவாலயங்களும் நேர்நேரான தெருக்களும் வாசலில் கார் நிற்கும் வீடுகளுமாக, வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குறையொன்றும் தென்படாத நடுத்தர வர்க்க ஊர். கிளார்க்கின் தாய் வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளைப் படம் பிடிக்கும் தொழில் செய்தவர். மகனும் பதின்பருவத் தொடக்கத்திலேயே அந்த வேலையில் சேர்க்கப்பட்டார். முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைந்து, அங்குள்ளவர்களின் கூச்சத்தைப் போக்கி, அழும் குழந்தையைச் சிரிக்கவைத்து, அந்த ஒரு நொடியைப் பிடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். பிற்காலத்தில் அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் போதைப் பழக்கத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதினார்கள். அவர் கற்ற முதல் தொழில், பிறர் வீட்டுக்குள் அந்நியமாகத் தெரியாமல் புழங்கும் இந்தத் தொழில்தான் என்பதும் அதே அளவு முக்கியம்.

1959இல், 16 வயதில், கிளார்க் ஆம்ஃபெட்டமின் போதைக்குப் பழகினார். மூக்கடைப்புக்கு உறிஞ்சுவதற்காக மருந்துக்கடையில் மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைத்த ஒரு குப்பியில் அந்த வேதிப்பொருள் இருந்தது. டல்சாவின் இளைஞர் கூட்டம் ஒன்று அதை ஊசி வழியாக உடம்பில் ஏற்றிக்கொள்ளக் கற்றிருந்தது. போதைப் பழக்கம் பெருநகரச் சேரிகளின் நோய், கறுப்பினத்தவரின் நோய், ஜாஸ் இசைக்காரர்களின் நோய் என்று அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். வெள்ளைத்தோல் கொண்ட, ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் குடும்பத்துப் பிள்ளைகள் டல்சாவில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது யார் கண்ணுக்கும் படவில்லை. பட்டாலும் அதைச் சொல்லும் துணிவு ஊரில் எவருக்கும் இல்லை.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் கிளார்க் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரிலுள்ள லேட்டன் கலைப்பள்ளியில் வணிகப் புகைப்படக்கலை படிக்கச் சென்றார். 1961 முதல் 1963 வரையான அந்த இரண்டாண்டுப் படிப்பில் ஒளி அமைப்பும் உருவப்படமும் முறையாகக் கற்றுத்தரப்பட்டன. 'லைஃப்' இதழில் யூஜின் ஸ்மித் வெளியிட்ட புகைப்படக் கட்டுரைகளும் அவரை ஆழமாகப் பாதித்தன. ஒரு கிராமத்து மருத்துவரோடு கூடவே இருந்து ஸ்மித் 1948இல் எடுத்த படங்கள், ஒரு வாழ்க்கையைத் தொடர்படங்களால் கதையாகச் சொல்ல முடியும் என்பதற்குச் சான்றாக இருந்தன. இருட்டும் வெளிச்சமும் மோதிக்கொள்ளும் ஸ்மித்தின் அச்சுமுறையைக் கிளார்க்கின் தொடக்கப் படங்களில் தெளிவாகக் காணலாம்.

1963இல் அவர் கேமராவோடு டல்சாவுக்குத் திரும்பினார். திரும்பியது வேலைக்காக அன்று. பழைய கூட்டாளிகளோடு பழைய பழக்கத்துக்கே திரும்பினார். அறைக்குள் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டிருக்க, அவரும் போட்டுக்கொண்டார். இடையிடையே படமும் எடுத்தார். பளிச்சிடும் விளக்கு கிடையாது. ஜன்னல் வழி வந்த வெளிச்சமே போதும் என்று எடுத்தார். லாரி கையில் எப்போதும் கேமரா இருக்கும் என்பது நண்பர்களுக்குப் பழகிப்போயிருந்ததால் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எந்த ஆவணப் புகைப்படக் கலைஞரும் மாதக்கணக்கில் காத்திருந்தாலும் பெற முடியாத அனுமதி அவருக்குக் கேட்காமலே கிடைத்தது.

1964இல் நியூயார்க் போனார். போன சில மாதங்களில் கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வந்தது. வியட்நாம் சென்று 1966இல் திரும்பினார். பிறகு நியூயார்க்குக்கும் டல்சாவுக்கும் இடையே அலைச்சல். 1968இல் டல்சாவில் 16 மி.மீ. கேமராவில் நண்பர்களைப் படமாக்கினார். அது திரைப்படமாக உருப்பெறவில்லை; ஆனால் திரைப்படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை 50 வயதில் திடீரென்று வந்ததன்று என்பதற்கு அந்தச் சுருள் சாட்சி. 1971இல் மறுபடி ஊருக்குப் போய், ஒரு தொகுதி படங்களை எடுத்து முடித்தார்.

அதே 1971இல் 'டல்சா' நூலாக வந்தது. பெரிய பதிப்பகம் எதுவும் அதைத் தொட்டிருக்காது. டாரதியா லாங்கிடமும் ராபர்ட் ஃபிராங்கிடமும் உதவியாளராக இருந்த ரால்ஃப் கிப்சன் என்ற புகைப்படக் கலைஞர், தன் சொந்தப் படநூலை வெளியிடுவதற்காக லஸ்ட்ரம் பிரஸ் என்ற சிறு பதிப்பகத்தைத் தொடங்கியிருந்தார். கிளார்க்கின் நூலை அவர் ஏற்றுக்கொண்டார். கருப்பு வெள்ளையில் சுமார் 50 படங்கள், 64 பக்கங்கள், மெலிந்த ஒரு நூல். முகப்பில் ஆசிரியரே எழுதிய சில வரிகள்: எங்கே பிறந்தார், எந்த வயதில் ஊசி போடத் தொடங்கினார், எப்போது விட்டார் என்ற செய்திகள் மட்டும். ஆய்வு முன்னுரை இல்லை, சமூகவியல் விளக்கம் இல்லை, வருத்தம் தெரிவிக்கும் வாசகம் இல்லை.

நூல் மூன்று காலங்களாகப் பிரிகிறது. 1963ஆம் ஆண்டுப் படங்களில் இளைஞர்கள் அழகாக இருக்கிறார்கள். தலைமுடி ஒழுங்காக வாரப்பட்டிருக்கிறது. தோலில் பளபளப்பு இருக்கிறது. ஊசி ஏற்றும் விரல்களில்கூட ஒரு சிரத்தை தெரிகிறது. நடுப்பகுதியில் 1968இல் எடுத்த திரைச்சுருளின் சட்டகங்கள் அடுத்தடுத்து அச்சாகியுள்ளன. 1971க்கு வரும்போது துப்பாக்கிகள் வந்துவிடுகின்றன. தற்செயலாகத் தொடையில் குண்டு பாய்ந்த ஒருவன் வலியில் முகம் சுளித்துக் கிடக்கிறான். முந்தைய பக்கங்களில் பார்த்த முகங்களில் சில காணாமல் போகின்றன. சட்டையின்றிக் கட்டிலில் உட்கார்ந்து கைத்துப்பாக்கியை உயர்த்திப் பிடித்திருக்கும் ஓர் இளைஞனின் படத்தைப் பார்க்கும் வாசகர், அவன் 1970இல் இறந்துவிட்டான் என்பதையும் நூலிலேயே அறிகிறார். இந்தக் குறுகிய நூலில் எட்டாண்டுக் காலம் முகங்களின் மேல் எப்படி ஏறி இறங்கியது என்பதை வாசகர் பக்கம் பக்கமாக உணர்கிறார்.

இந்த நூலின் உச்சம் ஒரு பெண்ணின் படம். நிறைமாத வயிற்றோடு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். பகல் வெளிச்சம் அவள் தோளிலும் வயிற்றிலும் மென்மையாக விழுகிறது. தலை சற்றுக் கவிழ்ந்திருக்கிறது. கன்னி மரியாளின் ஓவியங்களைப் பார்த்துப் பழகிய மேற்கத்தியக் கண்ணுக்கு அந்த ஒளியும் அந்த வளைவும் உடனே பிடிபடும். அடுத்த நொடியில் பார்வை கைக்கு இறங்குகிறது. அவள் தன் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருக்கிறாள். அதைத் தொடர்ந்து நூலில் வருவது, சிறு சவப்பெட்டியில் கிடத்தப்பட்ட ஒரு சிசுவின் படம். இரண்டுக்கும் இடையே ஒரு வார்த்தையும் இல்லை. போதையின் கொடுமையை விளக்கும் எத்தனையோ நூல்கள் அதற்கு முன்பும் பின்பும் வந்துள்ளன. அந்த இரண்டு படங்களும் அடுத்தடுத்து நிற்பதைப் போல் எதுவும் நெஞ்சை அறைந்ததில்லை.

அமெரிக்க ஆவணப் புகைப்பட மரபில் 'டல்சா' எங்கே நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்பிருந்த வழக்கத்தை நினைவில் கொள்ள வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க் சேரிகளைப் படமெடுத்த ஜேக்கப் ரீஸ் முதல், 1930களில் பஞ்சம் பிழைக்கப் புறப்பட்ட விவசாயக் குடும்பங்களைப் பதிவு செய்த டாரதியா லாங் வரை, கேமரா ஏந்தியவர் வெளியிலிருந்து வந்தவர். துன்பப்படுபவர் ஒரு பக்கம், அதைப் பார்த்து நாட்டுக்குச் சொல்பவர் மறுபக்கம். நோக்கம் உயர்ந்ததுதான், படம் பார்த்தவர்கள் மனம் இரங்கினார்கள், சட்டங்கள் மாறின. புரூஸ் டேவிட்சன் 1959இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பையன்களின் கூட்டமொன்றைப் படமெடுத்தபோது இந்த இடைவெளி வெகுவாகக் குறைந்தது. அப்போதும் அவர் விருந்தாளிதான்; அன்றாடம் அவர்களை விட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பியவர். கிளார்க்குக்குத் திரும்பிப் போக வேறு வீடு இல்லை. அவர் படமெடுத்த அறைதான் அவர் வாழ்ந்த அறை. ஆகவே 'டல்சா'வில் இரக்கம் கோரும் தொனி இல்லை, கண்டனமும் இல்லை. புகைப்படக் கலைஞர் நான் கோல்டின் தன் நண்பர் வட்டத்தின் காதலையும் அடியையும் நோயையும் படமாக்கிய பெரும்படைப்புக்கு வழி திறந்துவிட்டது இந்த நூல். நாட்குறிப்புப் போலப் புகைப்படம் எடுக்கும் ஒரு முழுப் போக்கும் இங்கிருந்து கிளம்பியது.

ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் இந்தப் படங்கள் உலகம் முழுதும் போகும் என்று தெரிந்தா முகம் காட்டினார்கள்? நூல் வந்தபோது அதிலிருந்த சிலர் இறந்திருந்தார்கள். உயிரோடு இருந்தவர்கள் அதே ஊரில், அதே போலீசாரின் கண்முன் நடமாட வேண்டியிருந்தது. நட்பால் கிடைத்த அனுமதியை நூலாக்கும் உரிமையாகக் கொள்ளலாமா என்ற கேள்வி 1971இலேயே எழுந்திருக்க வேண்டும். அன்று பெரும்பாலும் எழவில்லை. அன்றைய கிளார்க்குக்குச் சார்பாக ஒன்றைச் சொல்லலாம்: அவர் மற்றவர்களை வைத்த இடத்தில் தன்னையும் வைத்தார், தன் பெயரிலேயே தன் பழக்கத்தை எழுதி அச்சிட்டார். ஆபத்தில் அவருக்கும் பங்கு இருந்தது.

நூலின் புகழ் அவரைக் காப்பாற்றவில்லை. 1973இல் அமெரிக்க அரசின் கலை நிதியத்திலிருந்து உதவித்தொகை கிடைத்தது. ஆனால் போதையும் வன்முறையும் தொடர்ந்தன. 1976இல் சீட்டாட்டத் தகராறில் ஒருவரைத் துப்பாக்கியால் சுட்டுக் காயப்படுத்திய வழக்கில் தண்டனை பெற்று, ஓக்லஹோமா மாநிலச் சிறையில் 19 மாதங்கள் கழித்தார். வெளியே வந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1983இல், இரண்டாவது நூலைத் தாமே வெளியிட்டார். 'டீனேஜ் லஸ்ட்' என்ற அந்த நூலில் குழந்தைப் பருவக் குடும்பப் படங்கள், ஊர்க்காரப் பிள்ளைகள், போலீஸ் ஆவணங்கள், நியூயார்க்கின் 42ஆம் தெருவில் உடலை விற்றுப் பிழைத்த பையன்கள் எல்லாம் ஒன்றாக வருகின்றன. இறுதியில் கிளார்க் தன் வாழ்க்கையைப் பேச்சு நடையில் நீளமாகச் சொல்லிச் செல்கிறார்.

இந்த இடத்தில்தான் அவருடைய படைப்பில் ஒரு பெரிய விரிசல் விழுகிறது. 'டல்சா'வை எடுக்கத் தொடங்கியபோது அவருக்கு 20 வயது, படத்தில் இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே வயது. 42ஆம் தெருப் பையன்களை எடுத்தவர் 40ஐ நெருங்கியவர். படத்தில் இருப்பவர்கள் வயது மாறவே இல்லை. எடுப்பவர் வயது மட்டும் ஏறிக்கொண்டே போனது. தன் சொந்தப் பதின்பருவம் தனக்கு மறுக்கப்பட்டதென்றும் அதையே மீண்டும் மீண்டும் தேடுவதாகவும் கிளார்க் பல நேர்காணல்களில் விளக்கியிருக்கிறார். அது நேர்மையான விளக்கமாகவே இருக்கலாம். ஆனாலும் வளர்ந்த ஒருவர், வறுமையிலும் போதையிலும் கிடக்கும் பிள்ளைகளின் உடலைப் படமாக்குவது, அதே நிலையில் இருக்கும் நண்பன் எடுப்பதிலிருந்து முற்றிலும் வேறானது. பணம், வயது, பெயர் மூன்றும் கேமராவின் பின்னால் சேர்ந்துவிட்டன. அவருடைய பிற்காலப் படைப்புகள் மீதான அத்தனை வாதங்களுக்கும் வேர் இங்கே இருக்கிறது.

இதற்கிடையே 'டல்சா' திரைப்பட இயக்குநர்களின் மேசைகளில் புழங்கத் தொடங்கியிருந்தது. 'டாக்சி டிரைவர்' எடுத்த மார்ட்டின் ஸ்கார்செஸியும், டல்சாவிலேயே படமாக்கப்பட்ட 'ரம்பிள் ஃபிஷ்' படத்தின் இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவும், 'டிரக்ஸ்டோர் கௌபாய்' எடுத்த கஸ் வான் சான்ட்டும் அதன் கடனை ஒப்புக்கொண்டவர்கள். தன் பார்வையைப் பிறர் திரைக்குக் கொண்டுபோவதைக் கிளார்க் பார்த்துக்கொண்டிருந்தார்.

1990களின் தொடக்கத்தில், 50ஐத் தொடும் வயதில், அவர் ஸ்கேட்போர்டு ஓட்டக் கற்றுக்கொண்டார். நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் கூடும் ஸ்கேட்போர்டு பையன்களோடு பழகினார். அவர்களோடு ஓடாமல் அவர்களைப் படமெடுக்க முடியாது என்பது காரணம். அந்தப் பூங்காவில்தான் ஹார்மனி கோரின் என்ற இளைஞனைச் சந்தித்தார். திரைப்படம் பற்றிய அறிவும் எழுத்து ஆசையும் கொண்ட கோரினிடம், எய்ட்ஸ் காலத்தில் வாழும் விடலைகளைப் பற்றித் திரைக்கதை எழுதக் கேட்டார். அப்போது 19 வயதான கோரின் சில வாரங்களில் எழுதி முடித்தார். கஸ் வான் சான்ட் நிர்வாகத் தயாரிப்பாளரானார். சுமார் 15 லட்சம் டாலர் செலவில், 1994 கோடையில், நியூயார்க் தெருக்களில் 'கிட்ஸ்' படமாக்கப்பட்டது.

கதை ஒரே நாளில் நடக்கிறது. டெல்லி என்ற பையன் அனுபவமற்ற சிறுமிகளைத் தேடிப்பிடித்து ஏமாற்றுவதைப் பெருமையாகக் கொண்டவன். வாழ்க்கையில் அவன் ஒருவனோடு மட்டும் உறவு கொண்ட ஜென்னி, தோழிக்குத் துணையாகப் பரிசோதனைக்குப் போன இடத்தில் தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அறிகிறாள். அடுத்தவளை அவன் தொடுவதற்குள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நகரம் முழுதும் அலைகிறாள். அவளால் முடிவதில்லை. இன்று பார்ப்பவர்கள் ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். 1994இல் அமெரிக்காவில் 25 முதல் 44 வயதுக்குட்பட்டோரின் மரணத்துக்கு முதல் காரணம் எய்ட்ஸ். நோயைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலாக வந்தது 1996க்குப் பிறகு. மருத்துவமனை அறையில் ஜென்னி கேட்ட சொல், அன்றைய பார்வையாளர் காதில் மரண தண்டனையாகவே விழுந்தது.

நடித்தவர்கள் அநேகமாக எல்லோரும் கேமரா முன் நின்றறியாதவர்கள். டெல்லியாக நடித்த லியோ ஃபிட்ஸ்பாட்ரிக், அவன் கூட்டாளி காஸ்பராக நடித்த ஜஸ்டின் பியர்ஸ், ஹாரல்ட் ஹன்டர் மூவரும் ஸ்கேட்போர்டு கூட்டத்துப் பையன்கள். ஜென்னியாக நடித்த குளோயி செவின்யி அந்தக் கூட்டத்தோடு சுற்றியவர். கடைசி நேரத்தில்தான் அந்தப் பாத்திரம் அவருக்கு வந்தது. ரொசாரியோ டாசன் தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது கண்டெடுக்கப்பட்டவர். எரிக் எட்வர்ட்ஸின் கேமரா பையன்களின் தோளருகில், அவர்கள் நடக்கும் வேகத்தில் நடக்கிறது. பேச்சு ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. ஏதோ வீட்டில் நடப்பதை ஒளிந்திருந்து படமெடுத்ததுபோல் தோன்றும். உண்மையில் வசனம் பெரும்பாலும் கோரின் எழுதியபடியே பேசப்பட்டது. 'டல்சா'வில் தானாக அமைந்த நெருக்கத்தை, இங்கே எழுத்தாலும் ஒத்திகையாலும் கிளார்க் செய்து காட்டினார். திரைக்கலையாக அது பெரிய சாதனை.

1995 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் நள்ளிரவுக் காட்சியாக முதலில் திரையிடப்பட்ட படம், மே மாதம் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. அமெரிக்கத் திரைத்துறையின் வகைச்சான்று அமைப்பு 17 வயதுக்குட்பட்டோரை முற்றாகத் தடுக்கும் சான்று தந்தது. படத்தை வாங்கிய மிராமாக்ஸ் நிறுவனம் அப்போது டிஸ்னிக்குச் சொந்தம். டிஸ்னி பெயரோடு அப்படியொரு படம் வர முடியாது என்பதால், மிராமாக்ஸ் நிறுவனர்கள் ஷைனிங் எக்ஸ்காலிபர் என்ற தனி நிறுவனத்தை உருவாக்கிச் சான்றிதழ் இல்லாமலே வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மட்டும் 70 லட்சம் டாலருக்கு மேல் வசூலானது. பெற்றோர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய படம் என்று ஒரு சாராரும், குழந்தைகளைக் காமப்பொருளாக்கும் படம் என்று மறுசாராரும் எழுதினார்கள். கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹுக்ஸ், மீறல் என்ற போர்வையில் பழைய ஆணாதிக்கமே இதில் நடமாடுகிறது என்ற கோணத்தில் கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சனத்தில் வலு இருக்கிறது. டெல்லியின் பேச்சுக்கு முதல் காட்சியிலிருந்தே இடம் தாராளமாகக் கிடைக்கிறது. ஜென்னிக்கோ ஓடுவதும் தளர்வதும்தான் மிச்சம். சிறுமிகள் தங்களுக்குள் மனம் திறந்து பேசும் ஒரு காட்சி படத்தின் தொடக்கத்தில் வருகிறது. அதைப்போல் இன்னும் இரண்டு இருந்திருந்தால் படத்தின் நிறையே மாறியிருக்கும்.

அடுத்து வந்த 'அனதர் டே இன் பாரடைஸ்' (1998) ஜேம்ஸ் வுட்ஸ், மெலனி கிரிஃபித் ஆகிய பெரிய நடிகர்களோடு எடுத்த திருட்டுக்கதை. 1970களின் போதைக் கூட்டமொன்று பின்னணி. சீரான படம்தான். 'புல்லி' (2001) அதைவிடக் கனமானது. 1993இல் ஃபுளோரிடாவில் 20 வயது இளைஞன் ஒருவனை அவனுடைய நண்பர்கள் உட்பட ஏழு பேர் சேர்ந்து கொன்ற உண்மை வழக்கை, பத்திரிகையாளர் ஜிம் ஷுட்சியின் நூலை வைத்துப் படமாக்கினார். கொல்லப்பட்டவன் நெடுங்காலம் நண்பனைக் கொடுமைப்படுத்தியவன். கொன்றவர்களோ, கொலை என்பதன் பொருள்கூடப் புரியாமல் பேசிப் பேசியே அதில் போய் விழுந்தவர்கள். நீச்சல் குளமும் கடற்கரையும் வசதியான வீடுகளுமாக இருக்கும் புறநகரில், அடுத்த அறையில் பெற்றோர் இருக்கிறார்கள். பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பணமும் ஒழுங்கும் உள்ள இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் அழுகும் இளமை என்ற டல்சாக் கரு இங்கே மறுபடி வருகிறது. கதையமைப்பில் கிளார்க்கின் மிக உறுதியான படம் இதுதான். ஆனால் கதைக்குத் தேவையில்லாத இடங்களில் கேமரா இளம் நடிகைகளின் உடலில் நின்றுவிடுகிறது. அது படத்தைக் குறைக்கிறது.

எட்வர்ட் லாக்மனோடு சேர்ந்து இயக்கிய 'கென் பார்க்' (2002) கலிஃபோர்னியாவின் விசேலியா நகரத்துக் குடும்பங்களைப் பற்றியது. வெளிப்படையான காட்சிகளால் ஆஸ்திரேலியாவில் அதற்கு வகைச்சான்று மறுக்கப்பட்டது. 2003இல் சிட்னியில் விமர்சகர் மார்கரெட் பொமரான்ஸும் மற்றவர்களும் தடையை மீறித் திரையிட முயன்றபோது காவல்துறை தலையிட்டு நிறுத்தியது. லண்டனில் விநியோகஸ்தரோடு கிளார்க் கைகலப்பில் இறங்கியதால் பிரிட்டனிலும் படம் வெளியாகவில்லை. பெற்றோரின் வன்முறையைப் பற்றிச் சொல்ல அந்தப் படத்துக்கு விஷயம் இருந்தது; காட்சிகளின் வெளிப்படைத்தன்மை அந்த விஷயத்தை விழுங்கிவிட்டது.

'வாசப் ராக்கர்ஸ்' (2005) இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் தென்மத்தியப் பகுதியில், எல்சால்வடோரிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் சிலரைக் கிளார்க் ஒரு பத்திரிகைக்காகப் படமெடுக்கச் சந்தித்தார். சுற்றுப்புறம் முழுதும் தொளதொள உடையும் ஹிப் ஹாப் இசையும் இருக்க, இவர்கள் இறுக்கமான கால்சட்டையும் நீண்ட முடியும் பங்க் இசையுமாகத் தனித்துத் திரிந்தார்கள், அதற்காகவே அடிவாங்கினார்கள். அவர்களோடு நெடுநாள் சுற்றி, அவர்களையே அவர்களாக நடிக்கவைத்தார். பணக்காரர்கள் வாழும் பெவர்லி ஹில்சுக்கு ஸ்கேட்போர்டு ஓட்டப் போய், அங்கிருந்து உயிரோடு வீடு திரும்பப் படும்பாடுதான் கதை. இந்தப் பிள்ளைகள் போதைக்காரர்கள் அல்லர். தாயிடம் பயமும் நண்பனிடம் விசுவாசமும் உள்ளவர்கள். பயமில்லாமல் சிரிக்க முடிகிற ஒரே கிளார்க் படம் இது. விமர்சகர்கள் உரிய கவனம் தராமல் கடந்துவிட்டது பெரிய குறை.

2012இல் 'மார்ஃபா கேர்ள்' ரோம் திரைப்பட விழாவின் முதல் பரிசை வென்றது. விநியோகஸ்தர்களை நம்பாமல் அதைத் தன் இணையதளத்தில் 5.99 டாலருக்குக் கிளார்க் நேரடியாகக் காட்டினார். பாரிஸ் நகர ஸ்கேட்போர்டு பையன்களைப் பற்றிய 'தி ஸ்மெல் ஆஃப் அஸ்' 2014இல் வந்தது. தெருவில் கிடக்கும் முதியவராக அவரே அதில் நடித்தார். இரண்டிலும் பழைய கருக்களே திரும்ப வந்தன. அதற்கு முன், 2010இல், பாரிஸ் நகர நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளை மொத்தமாகக் காட்சிக்கு வைத்தபோது, 18 வயதுக்குட்பட்டோருக்கு அனுமதி இல்லை என்று நகராட்சி அறிவித்தது. பதின்பருவத்தினரைப் பற்றிய படங்களைப் பதின்பருவத்தினர் பார்க்கக் கூடாதா என்று கிளார்க் கேட்டார். 'லிபராசியோன்' நாளிதழ் முதல் பக்கத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. பார்ப்பவரைப் பாதுகாப்பது பற்றி அன்று பெருவாதம் நடந்தது. படத்தில் இருப்பவரைப் பாதுகாப்பது பற்றிப் பேச்சு குறைவாகவே எழுந்தது.

படத்தில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? செவின்யியும் டாசனும் புகழ்பெற்ற நடிகைகளானார்கள். ஃபிட்ஸ்பாட்ரிக் நடிப்போடு கலைக்கூடப் பணியிலும் இறங்கினார். ஜஸ்டின் பியர்ஸ் 2000இல் தற்கொலை செய்துகொண்டார். ஹாரல்ட் ஹன்டர் 2006இல் மாரடைப்பால் இறந்தார், போதைமருந்து காரணம். 'புல்லி'யின் நாயகன் பிராட் ரென்ஃப்ரோ 2008இல், 25 வயதில், அதிக அளவு ஹெராயினால் உயிரிழந்தார். இந்த மரணங்களுக்குப் படங்களே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. இவர்களில் பலர் படத்துக்கு வருமுன்பே உடைந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துதான் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2021இல் டிரைபெக்கா விழாவில் எடி மார்ட்டின் இயக்கிய ஆவணப்படம் ஒன்று திரையிடப்பட்டது. பின்னர் 'வீ வேர் ஒன்ஸ் கிட்ஸ்' என்று பெயர் பெற்ற அந்தப் படத்தில், 'கிட்ஸ்'இல் நடித்த ஹாமில்டன் ஹாரிஸும் வேறு சிலரும் பேசுகிறார்கள். தங்கள் கூட்டத்தில் இருந்த அன்பையும் பாதுகாப்பையும் படம் காட்டவில்லை, தங்கள் பேச்சையும் நடையையும் பெயரையும் எடுத்துக்கொண்டது, படம் சம்பாதித்தது தங்களை வந்துசேரவில்லை என்கிறார்கள். கிளார்க்கும் கோரினும் அந்த ஆவணப்படத்தில் பங்கேற்கவில்லை.

இதற்கு மாற்றாக வேறொரு வழியும் அதே காலத்தில் இருந்தது. புகைப்படக் கலைஞர் மேரி எலன் மார்க் 1983இல் 'லைஃப்' இதழுக்காகச் சியாட்டில் நகரத் தெருப்பிள்ளைகளைப் படமெடுத்தார். அவருடைய கணவர் மார்ட்டின் பெல் அதே பிள்ளைகளை வைத்து 'ஸ்ட்ரீட்வைஸ்' (1984) என்ற ஆவணப்படத்தை எடுத்தார். அது ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. அதில் 'டைனி' என்று அழைக்கப்பட்ட சிறுமியை இருவரும் விட்டுவிடவில்லை. அவள் தாயாகி, பத்துப் பிள்ளைகளைப் பெற்று, போதையிலிருந்து மெல்ல மீளும்வரை 30 ஆண்டுகள் தொடர்ந்து சென்றார்கள். 2015இல் மார்க் மறைந்த பிறகு, 2016இல் அவளைப் பற்றிய இன்னொரு படத்தைப் பெல் வெளியிட்டார். அதில் அவள் தன் பழைய படங்களைத் தானே பார்த்து, தன் வாயால் தன் வாழ்க்கையைச் சொல்கிறாள். கிளார்க்கின் கலைத்திறன் மார்க்குடையதைவிடக் குறைந்ததன்று. குறைந்தது, படமெடுத்து முடிந்த பின்னும் கூட இருக்கும் கடமை.

'டல்சா' புகைப்பட வரலாற்றில் நிலைத்துவிட்ட நூல். அதற்கு இனி எவரும் வாதாடத் தேவையில்லை. 'கிட்ஸ்', 'புல்லி', 'வாசப் ராக்கர்ஸ்' மூன்றும் திரைப்பட வகுப்புகளில் இன்னும் பல காலம் காட்டப்படும், காட்டப்படவும் வேண்டும். 'கிட்ஸ்' படத்தை மாணவர்களுக்குத் திரையிடும் ஆசிரியர்களும் திரைப்பட இயக்கங்களும் அதோடு 'வீ வேர் ஒன்ஸ் கிட்ஸ்' படத்தையும் சேர்த்தே திரையிட வேண்டும்.